இரண்டரை அடி சாக்கு

பெருங்குடி ரயில் நிலையத்தை
அத்தனை மாடி கட்டிவிட்டு
எதற்கென்று மறந்துபோனார்கள்.
கடை வராத கடைகளின் ஷட்டரில்
யாரோ ஒரு பெயரை எழுதி
பிறகு ஆணியால் கீறி அழித்திருந்தார்கள்.
ஞாயிறு ஆறரைக்கு நாங்கள் அங்கே இருப்போம்.

பேங்க் தேர்வுக்குக் கோச்சிங் தருபவர்களின்
விசிட்டிங் கார்டைக் கிழித்து
ரூபன் அடிக்குழல் சுற்றுவான்.
ஏன் என்று ஒரே ஒருமுறை சொன்னான்:
"குடோன்ல ராத்திரி பூரா ஸ்கேனர் பீப் அடிக்குது வெண்ணி.
வீட்டுக்கு வந்து படுத்தா
காதுக்குள்ள ஆயிரம் பார்சல்.
இத இழுத்தா நிக்கும்."
ரொம்ப நேரம் கழித்து,
"இப்பல்லாம் நிக்கறதில்ல.
தள்ளிக் கேக்குது,
பக்கத்து வீட்டுல அடிக்கற மாதிரி."

ஜூனில் கல்லூரி மைதானத்தில்
வெயிலில் கை நீட்டி உறுதிமொழி எடுத்தபோது
எங்கள் வரிசையில் அவன் குரல்தான் கணீரென்று.

கௌதமிக்கு அப்படி எதுவும் இல்லை.
அவளுக்குச் சிரிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.
அடையாறில் மூன்று படுக்கையறை வீடு,
இரவு பாலில் பனங்கற்கண்டு போட்டுத் தரும் அப்பா.
ஏதாவது துக்கம் இருக்குமென்று
ஒரு வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

தில்ஷாத் தொடமாட்டான்.
தொழுகைதான் காரணம் என்றிருந்தோம்.
"இல்லடி. வண்டில போனா வாரத்துக்கு நாலு தரம் நிறுத்துறாங்க.
பேரக் கேட்டதும் பாக்கெட்டுக்குள்ள கைய உடுறாங்க.
ஒருநாளாச்சும் அந்தக் கைக்கு
எதுனா கிடைக்கணுமா?"
என்றுவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப்
பல்லால் கிழித்தான்.

எனக்குக் கூந்தல்.
இடுப்புக்குக் கீழே நாலு விரல்.
புகை அதில் குடியேறினால் லேசில் காலி செய்யாது.
கண்ணகி நகரில் ஒரே அறை, ஒரே ஃபேன்,
அம்மாவின் தலையணையிலிருந்து
என் தலையணை ஒரு ஜாண்.
"முடியில நிக்கும்ப்பா" என்பேன்.
கூட்டமான பஸ்ஸில்
அடுத்தவர் டிக்கெட் காசை வாங்கி நீட்டுவதுபோல்
பக்கத்துக் கைக்குத் தள்ளிவிடுவேன்.
நல்ல பெண் என்ற பெயர் வந்தது இப்படித்தான்,
இரண்டரை அடி மயிரால்.

மாசியில், சதுப்புநிலத்துக்கு அந்தப் பக்கம்
குப்பைமேடு பற்றிக்கொண்டது.
ஐந்து நாள்.
ஊரே இழுத்தது அதை.
கைக்குழந்தைகள், நாமக்கோழிகள்,
கம்பெனி வாசலில் நிற்கும் காவலாளிகள்.
வேணுமா என்று
யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பங்குனியில் முடியை வெட்டினேன்.
பெரிய காரணமில்லை.
தண்ணீர் லாரி வராத வாரம்,
தலைக்கு ஒரு குடம் போதவில்லை.
அம்மா இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள், முடி வாங்க வந்தவனிடம்
பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு சுருள் என்னிடம் வந்து நின்றது.
"இப்ப?" என்றான் ரூபன்.
கிண்டல் இல்லை.
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.
கழுத்தில் காற்றுப் பட்டது.
இத்தனை நாளும் பதில் சொன்னது முடி.
என்னை ஒருவர் கேட்பது இப்போதுதான்.

பயமா? தேடினால் கொஞ்சம் இருந்தது.
ஆசை? அதுவும்.
கௌதமி எங்கே போய் அப்படிச் சிரிக்கிறாள் என்று
ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வர.
வேளச்சேரியில் கிளம்பிய ரயில்
கட்டடத்தை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போனது.
நுனிச் சாம்பல் வளைந்தது.

"வேணாம்."
"ஏன்?"
"வேணாம்னுதான்."

பின்னால் ஆள் நிற்காத சொல்.
வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.
அடுத்த ஞாயிறும் இதையே சொல்வேனா,
சத்தியம் பண்ணமாட்டேன்.

ரூபன் தலையாட்டிவிட்டு
தன் பங்கை இழுத்தான்.
எட்டு மணிக்கு அவனுக்கு ஷிஃப்ட்.
"இப்ப அடிக்குதா?" என்றேன்.
உதட்டில் விரல் வைத்தான்.
சிரித்துக்கொண்டிருந்த கௌதமிகூட நிறுத்தினாள்.
நாலு பேரும்
காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.